கச்சானுக்கு முதுகு காட்டும் வீடு

ஆனி மாதத்து இரவு, ஒன்பதரை மணி. பாண்டிருப்பில் என் தங்கை வீட்டின் புது அறைக்குள் கதிரை ஒன்றைப் போட்டு ஏறி நின்று, மேலே கொங்கிறீட் தட்டின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூரியன் மறைந்து மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது. முற்றத்து மணல் குளிர்ந்துவிட்டது. தட்டு மட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது. கீழே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றி, அந்தச் சூட்டைக் கட்டில்வரை இறக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய ஓட்டு விறாந்தைக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். இருந்த காசையெல்லாம் போட்டுக் கட்டிய அறை வெறுமையாகக் கிடந்தது. இடிப்பதா விடுவதா என்று பல வருசமாகப் பேசிவந்த விறாந்தையில் நித்திரை வந்தது.

அந்த விறாந்தைக்குத் தெரிந்தது அறைக்கு ஏன் தெரியவில்லை? இதற்கு விடை தேடுவதென்றால் முதலில் காற்றிலிருந்து தொடங்கவேண்டும்.

கச்சான் என்றால் இலங்கையில் பலருக்கும் வறுத்த நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். எங்கள் கரையில் அது ஒரு காற்றின் பெயரும்கூட. வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று தீவின் மறுபக்கத்தில் ஈரத்தோடு கரையேறுகிறது. மத்திய மலைகள் குறுக்கே நிற்பதால் மேலே ஏறவேண்டியிருக்கிறது. ஏறும் காற்று குளிரும், குளிர்ந்தால் மழையாகும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர் மழை கொட்டுவதற்குக் காரணம் இதுதான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீராவி மழைத்துளியாகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தைக் காற்றிடம் விட்டுவிடுகிறது. அதனால் ஈரக்காற்று 100 மீற்றர் ஏற 0.6 பாகை அளவில்தான் குளிர்கிறது. ஆனால் ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் உலர்காற்று, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 1 பாகை சூடேறுகிறது. 2000 மீற்றர் ஏறி இறங்கினால், வெறும் கணக்குக்கு, 8 பாகை இலாபம். நமக்கு அது நட்டம்.

ஆல்ப்ஸ் மலைக்காரர் இப்படிப்பட்ட காற்றை ஃபோன் என்பார்கள். அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் சொற்கோவையில் எங்கள் காற்று கச்சான் என்ற சொந்தப் பெயரிலேயே இடம்பிடித்திருக்கிறது. மட்டக்களப்பில் அது கடற்காற்றையே அடக்கிவிட்டு வெப்பநிலையை 100 பாகை ஃபரன்ஹீற்றுக்கு, அதாவது 38 பாகை செல்சியஸுக்குக் கிட்டக் கொண்டுபோகும் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து 40 கிலோமீற்றர் தெற்கே, கல்முனைக்கு அடுத்தாற்போல் இருக்கும் பாண்டிருப்புக்காரருக்கு இதைச் சொற்கோவை பார்த்து அறியவேண்டிய தேவை இல்லை. கச்சான் அடிக்கும் நாளில் பக்கத்தூர் மருதமுனைத் தறிகாரரைக் கேட்டாலும் சொல்வார். வறண்ட காற்றில் பருத்தி நூல் சட்டென்று அறும்.

ஆக, எங்கள் ஊருக்கு இரண்டு காற்று. கிழக்கே கடல். பகலில் தரை சூடேறச் சூடேற அங்கிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேற்கே வயல்வெளி, அதற்கப்பால் மலை. அங்கிருந்து கச்சான் வரும். பின்னேர வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் வீட்டைத் தாக்குகிறது. திசைகாட்டியில் இவ்வளவு தெளிவாக நண்பனும் பகைவனும் எதிரெதிரே நிற்கும் ஊர்கள் குறைவு. வீடு கட்டுகிறவருக்கு இயற்கை பாதி வரைபடத்தை வரைந்தே கொடுத்துவிட்டது. நாங்கள்தான் வாஸ்துவைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டின் முகப்பைப் பார்க்கிறோம், அதைப் பார்ப்பதில்லை.

வெயிலின் கணக்கையும் பார்த்துவிடுவோம். பாண்டிருப்பு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 8, 9 வாக்கிலும் செப்டெம்பர் 3, 4 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. மிகவும் சாய்ந்து நிற்கும் மார்கழியில்கூட சூரியன் தொடுவானத்திலிருந்து 59 பாகை உயரத்தில் இருக்கிறது. அதனால் தெற்குச் சுவருக்கு மேலே 3 அடி தாழ்வாரம் நீட்டினால், நண்பகலில் சுவரில் 5 அடிக்கு நிழல் விழுந்துவிடும். வடக்குக்கு அதுவும் தேவையில்லை. மேற்குச் சுவரில் இந்த வித்தை பலிக்காது. பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் 30 பாகையில் நேர் எதிரே நிற்கும். அதே 3 அடித் தாழ்வாரம் அங்கே ஒன்றே முக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். யன்னலின் மேல்விளிம்பை மறைத்துவிட்டு அது ஓய்ந்துவிடும். மேற்கை மறைக்கத் தாழ்வாரம் போதாது, ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கவேண்டும்: பூவரசு, வேம்பு, குளியலறை, படிக்கட்டு, எதுவானாலும்.

ஆனாலும் சுவர்களெல்லாம் சேர்ந்து செய்யும் கெடுதலைவிடக் கூரை ஒன்று செய்வது அதிகம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் கிடையான பரப்பில் 1000 வாட் அளவுக்கு வெப்பம் விழுகிறது. 1000 சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீற்றர். உடுப்புத் தேய்க்கும் மின் அழுத்தி ஒன்று ஏறத்தாழ 1000 வாட் எடுக்கும். ஆகவே நண்பகலில் உங்கள் தலைக்கு மேல் 93 அழுத்திகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. நிறம் மங்கிய பழைய கொங்கிறீட், விழுவதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது.

உறிஞ்சியதை உடனே கீழே தருவதுமில்லை, அங்கேதான் சூழ்ச்சி. 5 அங்குலத் தட்டு, 1000 சதுர அடிக்கு, 28 தொன் எடை வரும். அதை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். பகல் முழுவதும் வெயில் இந்த வங்கியில் வைப்புப் போடுகிறது. வெப்பம் தட்டின் மறுபக்கம் வந்துசேர மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். எனவே நண்பகலின் உச்சம் பின்னேரத்தில்தான் அறைக்குள் தெரியும். இரவில் தட்டு 10 பாகை ஆறினால் 70 யூனிட் அளவு வெப்பம் வெளியேறியாகவேண்டும், பாதி வானத்துக்கும் பாதி கட்டிலுக்கும். தட்டின் அடிப்பக்கம் நமது தோலைவிடச் சூடாக இருந்தால், காற்று எவ்வளவு வீசினாலும், கதிர்வீச்சாக அந்த வெப்பம் நேரே உடம்பில் விழும். அடுப்படியில் நிற்கிறவருக்கு விசிறியால் விசிறுவதுபோலத்தான் அது.

பழைய விறாந்தையின் ஓடு வெயிலில் இதைவிட மோசமாகச் சூடாகும். ஆனால் அது மெல்லியது, வைத்துக்கொள்ள இடமில்லை. வெயில் இறங்கிய அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும். ஓடுகளின் இடைவெளி வழியே சூடான காற்றும் மேலே தப்பிவிடும். பகலில் இருக்கும் அறைக்குக் கனமான கூரையும் சுவரும், இரவில் படுக்கும் அறைக்கு மெல்லிய கூரையும் என்று வெப்பமண்டலக் கட்டடக் கலைஞர்கள் சொல்வது இதனால்தான். எங்கள் ஊர்களில் தலைகீழாகச் செய்கிறோம். சமையலறைக்கு ஓடு அல்லது தகரம், படுக்கையறைக்குத் தட்டு.

இந்த வெப்பக் கணக்கை வேறு இடத்தில் எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க, இனி ஜேர்மனிக்குக் கொஞ்சம் போய்வரலாம். பாசிவ் ஹவுஸ் என்று உலகம் இன்று சொல்வது, 1988-இல் சுவீடனின் பூ ஆதம்சனும் ஜேர்மனியின் வொல்ஃப்காங் ஃபைஸ்ட்டும் பேசிப் பேசி உருவாக்கிய எண்ணம். டாம்ஸ்டட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் நான்கு வீடுகள் கொண்ட தொடராக அது எழுந்தது. 1991-இல் குடும்பங்கள் குடிபுகுந்தன. சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 15 யூனிட்டுக்கு மேல் வெப்பமூட்டச் செலவாகக்கூடாது என்பது விதி. வீட்டை ஒரு விசிறியால் அழுத்திப் பார்த்து, 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணித்தியாலத்துக்கு 0.6 மடங்கு காற்றுக்கு மேல் ஒழுகக்கூடாது என்பது இன்னொரு விதி. எங்கள் ஓட்டு வீட்டை இப்படிச் சோதித்தால் விசிறிதான் களைத்துப்போகும்.

அந்த வீடு குளிருக்காகப் பிறந்தது. வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கும் போத்தல் அது. அதை அப்படியே பாண்டிருப்பில் இறக்கினால் என்னவாகும்? காற்றோட்டத்தை மூடிய நிமிடத்திலிருந்து இயந்திரம் இல்லாமல் இருக்கமுடியாது. ஈரப்பதனை எடுக்க வேறு வழியில்லை. ஆனால் இயந்திரம் எப்படியும் ஓடத்தான் போகிறது என்ற கட்டடத்துக்கு அந்தப் போத்தல்தான் சரி. கட்டுநாயக்கவில் ஸ்டார் கார்மென்ட்ஸ் நிறுவனம் தனது புத்தாக்க நிலையத்துக்காக ஒரு பழைய கட்டடத்தை இந்த முறையில் புதுப்பித்து, பாசிவ் ஹவுஸ் சான்றிதழும் பெற்றது. வெப்பக் காப்பு, ஒழுகாத யன்னல்கள், உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் முன்கூட்டியே குறைத்துத் தரும் காற்றோட்டக் கருவி. ஜேர்மனியில் குளிரை வெளியே நிறுத்தியவை அங்கே புழுக்கத்தை வெளியே நிறுத்துகின்றன. ஏசி பூட்டிய வீட்டுக்காரர் யன்னல் இடுக்கையும் கதவின் அடியையும் பார்க்கவேண்டும் என்ற சின்னப் பாடம் அதிலிருந்து கிடைக்கிறது. ஏசியைப் போட்டுவிட்டுக் காற்றுத் துளைகளைத் திறந்துவைத்திருக்கும் வீடுகளைக் கல்முனையில் எண்ணிக்கொண்டே போகலாம்.

ஏசி இல்லாத வீட்டுக்கு அங்கிருந்து எடுக்கவேண்டியது கணக்குப் போடும் பழக்கத்தை. வெறும் 5 அங்குலத் தட்டின் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாக இறங்குகிறதோ, அதன்மேல் ஓர் அங்குல ரெஜிபோம் நுரைத்தகடு வைத்துச் சாந்து பூசினால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இரண்டாவது அங்குலம் வைத்தால் குறைவது மேலும் எட்டில் ஒரு பங்குதான். முதல் அங்குலம் பொன், இரண்டாவது வெள்ளி, பத்தாவது ஜேர்மன்காரருக்கு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஹல்வத்துரவும் ஜயசிங்கவும் வெப்பக்காப்பிட்ட கொங்கிறீட் கூரைகளை ஆராய்ந்து 2008-இல் கட்டுரை எழுதினார்கள். வெயிலை இங்கேயே அளந்து, இந்த நாட்டுக்கென்றே செய்த ஆய்வு. மேசன்மார் கைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு நான் ஒருநாள் விடை கண்டுபிடித்தேன், தங்கையின் மேசனிடம். மருதமுனைக்காரர், என்னைவிட மூத்தவர்.

"காக்கா, தட்டுக்கு மேல ரெஜிபோம் போட்டுப் பூசினா என்ன?"

"போடலாம் சேர். மறுகா மத்த மகளுக்கு மேல எடுக்கக்குள்ள அதை உடைச்சு எறியணும். ஆரு காசு?"

அவர் சொன்னதில் எங்கள் கரையின் சமூகவியலே இருக்கிறது. இங்கே தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து சேருவார். அக்கரைப்பற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008-இல் வந்த தன் நூலில் இந்தத் தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் விரிவாக எழுதியிருக்கிறார். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. தாயின் வளவு துண்டாகும். துண்டாக்க நிலம் இல்லாத இடத்தில் வானம்தான் அடுத்த துண்டு. ஆகவே தட்டு கூரையல்ல, அடுத்த மகளின் தரை. கம்பிகள் தட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு, உப்புக்காற்றில் துருவேறி, கலியாணப் பேச்சுக்காகக் காத்திருக்கின்றன. வெப்பவியல் புத்தகங்கள் எதிலும் இந்தத் தரவு கிடையாது. இதைக் கணக்கில் எடுக்காத எந்த ஆலோசனையும் இந்த ஊரில் செல்லாது.

நிலம் துண்டானதன் இன்னொரு விளைவு மதில். சில பேர்ச் காணிக்குள் வீடு, அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சீமெந்துக்கல் மதில். உள்ளே பெண்களுக்கு மறைப்பு வேண்டும், அது நியாயம். ஆனால் கிழக்கு மதில் கடற்காற்றை முகத்தில் அடித்துத் திருப்பி அனுப்புகிறது. மறைப்புக்காக யன்னலுக்குத் திரையும் போட்டு மூடிவிட்டால் வீட்டுக்கு மூக்கே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் அவசரமாக எழுந்த வீடுகள் பல இந்தப் பெட்டி வடிவத்தையே எடுத்துக்கொண்டன. அந்தக் காலத்தில் கூரை ஒன்று கிடைப்பதுதான் பெரிதாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மறைப்பும் காற்றும் ஒன்றையொன்று அடிக்கத்தான் வேண்டுமா? கொழும்பில் நெருக்கமான ஒரு காணியில் ஜெஃப்ரி பாவா 1960-க்கும் 1962-க்கும் இடையில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, தெருவுக்கு வெறும் மதிலைக் காட்டிவிட்டு நடுமுற்றத்தைச் சுற்றி உள்முகமாகத் திறக்கும். பின்னாளில் அதைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து லுணுகங்கையில் மறுபடி அடுக்கினார்கள். மாளிகைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கவேண்டாம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இதே கருத்துத்தான். முற்றம் என்றால் பெரிதாக இருக்கவேண்டுமென்றில்லை. 6 அடிக்கு 8 அடி போதும், வானம் தெரிந்தால் சரி. கிழக்கிலிருந்து நுழையும் காற்றுக்கு வெளியேற ஒரு வழி கிடைக்கும். அறைக்கு ஒரே யன்னல் என்றால் காற்று வாசலில் வந்து நின்று திரும்பிவிடும். விருந்தாளி மாதிரி, எழுந்துபோக இன்னொரு கதவு வேண்டும். மதிலிலும் கண் மட்டத்துக்கு மேலே துளைக்கற்கள் இரண்டு வரி வைத்தால் மறைப்பு கெடாது.

எல்லா நாளும் யன்னலைத் திறந்துவை என்பதும் இங்கே சரிவராது. கச்சான் நாளில் 37 பாகைக் காற்றை உள்ளே விடுவது வெயிலைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவது போன்றது. அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு மேற்குப் பக்கத்தை அடைத்து, இரவில் காற்று ஆறிய பிறகு எல்லாவற்றையும் திறக்கவேண்டும். அதே கச்சான் ஒரு கொடையும் வைத்திருக்கிறது. காற்று 37 பாகையிலும் ஈரப்பதன் 40 வீதத்திலும் இருந்தால், தண்ணீர் ஆவியாவதன் மூலம் அதை ஏறத்தாழ 26 பாகை வரை இறக்கமுடியும். புழுக்கமான ஒரு நாளில், 31 பாகை, 80 வீதம் என்றால், இறங்குவது 3 பாகை மட்டும். மண்பானைத் தண்ணீர் கச்சானில் அமிர்தமாகவும் மாரியில் சாதாரணமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். மேற்கு யன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்ட பழைய ஆட்களுக்கு ஈரப்பதமானி இருக்கவில்லை, பானை இருந்தது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மரம் இதை நாள் முழுக்க இலவசமாகச் செய்கிறது; 50 லீற்றர் இறைக்கும் ஒரு வேம்பு 33 யூனிட்டைத் தின்கிறது.

காசுக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சாதாரண மின்விசிறி 75 வாட். இரவுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 யூனிட். புதுவகை பிஎல்டிசி மோட்டர் விசிறி என்றால் 7. ஏசி, நின்று நின்று ஓடினாலும், 150-ஐத் தொடும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியபோது அந்த 150 யூனிட் என்னவானது என்று பில்லைத் திறந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு, 2022 மார்ச் இறுதியில், நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. அந்த இரவுகளில் ஏசி வீடும் விசிறி வீடும் ஒன்றாகிப் போயின. ஓட்டு விறாந்தை உள்ளவர்கள் மட்டும் தூங்கினார்கள். கரண்ட் இல்லாதபோதும் வேலைசெய்வதுதான் பாசிவ் வீட்டின் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன். பில் குறைவது அதற்குப் பிறகுதான்.

தங்கையின் தட்டுக்குத் திரும்புகிறேன். ரெஜிபோம் சரிவராது என்று தெரிந்த பிறகு காக்காவும் நானும் மணலில் ஈர்க்கால் கீறிப் பார்த்தோம். முதலில் வெள்ளைச் சுண்ணாம்பு, இரண்டு பூச்சு. செலவு மிகக் குறைவு, வருசத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும். அதற்குமேல் இரும்புப் பைப்புகளில் 4 அடி உயரத்தில் தகரம், நான்கு பக்கமும் திறந்தபடி. வெயில் தகரத்தில் விழும், கடற்காற்று இடையே புகுந்து அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும், தட்டு நிழலில் கிடக்கும். சூரியத் தகடு பூட்ட வசதி வந்தாலும் அதே பைப்பில் பூட்டலாம். அதுவும் ஒரு குடைதான்.

"மேல எடுக்கக்குள்ள?" என்று கேட்டேன்.

"பைப்ப உசத்தி வெல்டிங் புடிச்சா அதே தகரம் மேல் வீட்டுக் கூரை. ஒண்டும் வீண்போகா."

பிறகு அவரே எழுந்துபோய், மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் நீளத்துக்கும் காலால் ஒரு கோடு இழுத்தார். மேல்வீட்டுக்கு என்றாவது ஒருநாள் படிக்கட்டு வேண்டும்தானே, அதை இப்பவே இந்தப் பக்கம் கட்டிவிடு என்றார் தங்கையிடம். படிக்கு அடியில் விறகும் சைக்கிளும் வைக்கலாம், பின்னேர வெயில் படியோடு நின்றுவிடும். தங்கைக்கு இதில் திருப்தி இல்லை. மூத்தவளின் சீதன வீட்டுக்கு முன்னால் இளையவளுக்கு ஏறும் படியா என்று முகத்தைச் சுளித்தாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் படி மேற்கே போனது, பத்துப் படி வரைக்கும். மிச்சம் சீமெந்து விலை இறங்கினால்.